நூடுல்ஸில் விழுந்த பல்லி

எங்கள் வீட்டில் நூடுல்ஸ் என்பது அம்மாவின் கைக்குப் போனதும் சேமியா உப்புமாவாகிவிடும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, கேரட்டும் பீன்ஸும் பொடியாக நறுக்கிப் போடுவாள். பாக்கெட்டோடு வரும் மசாலாவில் பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டு, மீதியை மருந்து போலப் பயந்து பயந்து தூவுவாள். அப்பா அதற்கும் தேங்காய்ச் சட்னி கேட்பார்.

ஹைதராபாத் காஞ்சன்பாகில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு நூடுல்ஸ் வேறு. மேல்மாடி பஞ்சாபி ஆன்ட்டி வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, மேலே சீஸ் துருவித் தருவார். எதிர் வீட்டில் முட்டையை உடைத்து ஊற்றி, புதினா கிள்ளிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். கீழ்வீட்டு ஸ்வப்னா வீட்டில் பல்லிப்பொடி. தெலுங்கில் வேர்க்கடலைக்குப் பல்லி என்று பெயர். வறுத்த கடலையோடு காய்ந்த மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து பாட்டிலில் வைத்திருப்பார்கள். சாதத்துக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தம்பிக்கும் கடலை என்றால் பல்லிதான். சுவரில் ஓடுகிற பிராணியை, பள்ளிக்கூடத்து இந்தி ஒட்டிக்கொண்டதால், சிப்கலி என்போம்.

எனக்குப் பத்து வயதான அந்த மே மாத லீவில் ஸ்வப்னாவும் நானும் ஒரு நோட்டுப் போட்டு எல்லா வீட்டு நூடுல்ஸ் செய்முறையையும் எழுதி வைத்தோம். பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கும் போட்டோம். எங்கள் வீட்டுக்கு மூன்று. அந்த மூன்று என்னை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த லீவில் சித்தி எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். சித்தப்பா சென்னையில் இருந்து கம்பெனி மாறி, ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் வீடு எடுத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவரைக் கம்பெனி அமெரிக்காவுக்கு ஆறு வாரம் அனுப்பிவிட்டது. தெலுங்கும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் சித்தி தனியாக என்ன செய்வாள் என்று அப்பாதான் போய் அழைத்து வந்தார். சித்திக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் 'ஹவ்' என்று தலையாட்டினாலோ, தம்பி சோறு வேண்டாமென்று 'நக்கோ' சொன்னாலோ, "இது என்ன பாஷைட்டி?" என்று சிரிப்பாள். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே சிரிப்பும் குறைந்து, பேச்சும் குறைந்து, பகலெல்லாம் படுத்தே கிடக்க ஆரம்பித்தாள். அம்மா தாளித்தால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. சோம்பேறி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அன்றைக்கு அம்மா பேகம்பேட்டில் இருந்த அவளுடைய ஆபீஸுக்குப் போய்விட்டாள். அப்பா வேலை பார்த்த இடத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர் உள்ளே போனால் போனதுதான். மத்தியானம் சித்தி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி ஒன்றாம் வகுப்பு முடித்தவன், காலையிலிருந்து மாம்பழமாகத் தின்றுகொண்டிருந்தான். சோறு வேண்டாம், நூடுல்ஸ்தான் வேண்டும் என்றான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. "ஸ்டவ்வத் தொட்டேன்னு தெரிஞ்சுது, கைய ஒடிச்சிருவேன்" என்று அம்மா லீவு தொடங்கிய நாளே சொல்லியிருந்தாள். காலையில் ஸ்வப்னாவிடம் வாங்கி ஒளித்து வைத்திருந்த பல்லிப்பொடி பாட்டில் ஜன்னலோரம் இருந்தது.

ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, கடைசி வரை. நோட்டில் எழுதியிருந்தபடி ஒரு ஸ்பூன் பொடி போடுவதற்காக பாட்டிலைச் சாய்த்தபோது மூடி கழன்று, பாதி பாட்டில் கொதிக்கிற நூடுல்ஸில் கொட்டிவிட்டது. எடுக்க முடியவில்லை. கொட்டிவிட்டு வேறு செய்ய இன்னொரு பாக்கெட் இல்லை. கலக்கிவிட்டேன். செக்கச்செவேலென்று இருந்தது. இருவரும் மூக்கில் தண்ணீர் வழிய வழியத் தின்று முடித்தோம். வாணலியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் தம்பி வாந்தி எடுத்தான். முதல் தடவை நானே துடைத்துவிட்டேன். இரண்டாவது தடவை அவன் அழுதான். மூன்றாவது தடவை அழக்கூட முடியாமல் ஹாலில் தரையிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். உதடு வெளுத்திருந்தது. நான் கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டான். சித்தியை எழுப்பலாமா, எழுப்பினால் ஸ்டவ் விஷயம் தெரிந்துவிடுமே என்று நின்றுகொண்டிருந்தேன். அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போது நினைக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதற்குள் நாற்றத்தில் சித்தியே எழுந்து வந்துவிட்டாள்.

"ஏல, என்னல ஆச்சு? என்னத்தத் தின்ன?"

"நூடுல்ஸ்... அக்கா... பல்லி..." என்றான் தம்பி.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "என்னட்டி சொல்லுதான்? பல்லியா?"

"ஹவ் சித்தி. தெரியாம விழுந்துருச்சு."

"எதுல விழுந்துச்சு?"

"நூடுல்ஸ்ல. அடுப்புல இருக்கும்போதே."

"விழுந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன். எடுக்க முடியல. அதான் கலக்கிட்டேன்."

சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கலக்கிப் பிள்ளைக்குக் குடுத்தியா?"

"நானும் சாப்ட்டேன் சித்தி."

"ஐயோ, அது விஷம்லாட்டி!" என்று அவள் அலறிய அலறலில் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பல்லிப்பொடி விஷம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஸ்வப்னா வீட்டில் தினமும் தின்கிறார்களே என்று ஒரு கணம் தோன்றியது. அவர்கள் தெலுங்குக்காரர்கள், பழகியிருக்கும். நமக்குத்தான் ஆகாது போல என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். தம்பி சாகப் போகிறான். அவனைவிட நான் அதிகம் தின்றிருக்கிறேன், ஆகவே அடுத்தது நான். நாக்கு வறண்டது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூலையில் நின்று, சாவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

சித்தி போனை எடுத்து, பக்கத்துச் சுவரில் எழுதியிருந்த அம்மா ஆபீஸ் நம்பரை அழுத்தினாள். யாரோ ஓர் ஆள் இந்தியில் பேசினான். "அக்கா இருக்காவளா? அக்காவக் கூப்பிடுங்க!" என்று சித்தி கத்தினாள். அவன் வைத்துவிட்டான். அவனிடம் இந்தியில் பேசக்கூடிய ஒரே ஆள் நான். நான் செத்துக்கொண்டிருந்ததால் எனக்கு அது தோன்றவில்லை. மேல்மாடி ஆன்ட்டி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். எதிர் வீட்டில் பூட்டு. கீழே ஸ்வப்னா வீட்டிலும் பூட்டு, கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள்.

"நடப்பியால?" என்று சித்தி தம்பியைக் கேட்டாள். அவன் எழுந்து நின்று, மடங்கி உட்கார்ந்தான். சித்தி அவனைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் சும்மா நின்றாள். அப்புறம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாடி இறங்கினோம். காலனிக்குள் ஆட்டோ வராது. கேட் வரைக்கும் வெயிலில், தார் ரோட்டில், சித்தி செருப்பில்லாமல் ஓடினாள். தம்பியின் கால்கள் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தன. "உனக்கு ஒண்ணும் செய்யலையே? செய்யலையேட்டி?" என்று என்னையும் கேட்டுக்கொண்டே ஓடினாள். எனக்கு எல்லாம் செய்தது. ஆனால் நானும் விழுந்தால் அவளால் இருவரைத் தூக்க முடியாது என்று தெரிந்ததால், ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோ கிடைத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு லேடி டாக்டர் தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். ஆட்டோக்காரர் அங்கே கொண்டுபோய் விட்டார். சித்தி தம்பியை மேஜைமேல் கிடத்திவிட்டு, "பல்லி! பல்லி!" என்றாள். வேறு எதுவும் அவள் வாயில் வரவில்லை.

"பல்லீலா?" என்றார் டாக்டர். கடலை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும் அல்லவா, உடனே தம்பியின் உதட்டைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சட்டையைத் தூக்கித் தடிப்பு இருக்கிறதா என்று தேடினார், மூச்சைக் கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேறு என்ன சாப்பிட்டான் என்று என்னிடம் தெலுங்கில் கேட்டார். மாம்பழம் என்றேன். எத்தனை? விரல்விட்டு எண்ணி ஐந்து என்றேன். வெயிலில் விளையாடினானா? ஆமாம். நூடுல்ஸில் காரம் எவ்வளவு? பாதி பாட்டில். டாக்டர் பெருமூச்சு விட்டு, வாந்தி நிற்க ஓர் ஊசி போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னார்.

சித்திக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய விஷத்துக்கு உப்புத் தண்ணீரா என்று பதறியவள், சுற்றுமுற்றும் பார்த்துச் சுவரைக் காட்டினாள். டியூப்லைட் பக்கத்தில் ஒரு சிப்கலி இருந்தது. "பல்லி! அது! அது நூடுல்ஸ்ல விழுந்துட்டு!"

டாக்டர் சிப்கலியைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, எது விழுந்தது என்று கேட்டார். பல்லிப்பொடி என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. "கடலைப்பொடி சித்தி, கடலை!" என்று அப்போதுதான் எனக்கும் புரிந்து கத்தினேன். வயிற்று வலி அந்த நிமிஷமே போய்விட்டது.

சித்தி சிரிக்கவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஒரு கை அடிவயிற்றில் இருந்தது. டாக்டரும் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"என்னோ நெல?" என்றார்.

எத்தனையாவது மாதம் என்று கேட்கிறார். இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டு, "மே, ஐந்தாவது மாதம்" என்று தெலுங்கில் நானே பதில் சொன்னேன். டாக்டர் என்னைக் கவனிக்கவில்லை. சித்திக்கு, பாஷை தெரியாமலேயே, கேள்வி புரிந்துவிட்டது. இரண்டு விரலைக் காட்டினாள். டாக்டர் என்னையும் தம்பியையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பெஞ்சில் எனக்குப் பயம் திரும்ப வந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்தது பற்றித்தான் உள்ளே பேச்சு என்று நிச்சயமாக நம்பினேன். வெளியே வந்த சித்தி என் தலையைத் தடவி, "வீட்டுல இங்க வந்தத ஒண்ணும் சொல்லாண்டாம், என்ன? வாந்தி எடுத்தான், சரியாயிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். என் அதிர்ஷ்டத்தை என்னால் நம்ப முடியவில்லை. "ஸ்டவ் பத்த வச்சத நீங்களும் சொல்லாதீங்க சித்தி" என்றேன். சரி என்றாள்.

சித்தி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மறு வாரம் சித்தப்பா வந்து கொண்டாப்பூருக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சித்திக்கு அதற்கு முந்தின வருஷமும் ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்துச் சொன்ன பிறகு போனதால், இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்றிருந்தாளாம். இதை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. தூக்கியதாலும் ஓடியதாலும்தான் அப்படி ஆகுமா என்று நான் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அப்படி இல்லை, அது போவதென்றால் போகும் என்றார். நான் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார். சித்திக்குப் பிற்பாடு ஒரு மகள் பிறந்தாள். அந்த மத்தியானத்தைப் பற்றி இன்றுவரை சித்தி யாரிடமும் சொன்னதில்லை.

சித்தி கொண்டாப்பூர் போய்ப் பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கிருந்து போன் வந்தது. அம்மா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்துவிட்டு அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். சித்தி சொல்லிவிட்டாள், கை ஒடியப் போகிறது என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"சித்தி இங்க இருந்தப்ப கனமா எதையாவது தூக்கினாளா? நான் இல்லாத நேரத்துல?"

யோசித்தேன். நேர்மையாகத்தான் யோசித்தேன். தண்ணீர் பக்கெட்டை அம்மாதான் தூக்குவாள். சிலிண்டரை அப்பா உருட்டுவார். சித்தியின் பெட்டியைக்கூட சித்தப்பாதான் எடுத்துப் போனார்.

"இல்லம்மா, கனமா ஒண்ணுமே தூக்கல" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். ஸ்டவ்வைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கி, இருட்டும் வரைக்கும் ஸ்வப்னாவோடு விளையாடினேன்.