பதினொண்ணு சொன்னது யார்

டிராகன் படகுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்கிற ஒரு பட்டறையில், சூளையிலிருந்து இறக்கியதை விரலால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்லதென்றால் கணீரென்று கேட்கும். கீறல் இருந்தால் சத்தம் மொண்ணையாக இருக்கும். நாளெல்லாம் இதையே செய்கிறவளுக்குக் காது கொஞ்சம் கூர்மையாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்ட அத்தனை பேரும் "காதுல தண்ணி பூந்திருக்கும்" என்றுதான் சொன்னார்கள்.

பெண்கள் அணி சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனவள், என் மேசையிலேயே எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். ஆறு வருஷப் பழக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். "வாங்கக்கா, பத்து நாளைக்கு இந்தத் தூசியிலேர்ந்து தப்பிக்கலாம்" என்றாள். "நீ அரைகுறையா நீந்துற ஆளு, ஒனக்கு எதுக்கு இது" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்ட பிறகு போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முகாம் திட்டக்குடிக்கு அந்தப் பக்கம், வெலிங்டன் ஏரியில். தை மாதம். ஏரி நிறைந்து கிடந்தது, காலை எட்டரை மணி வரை பனி விலகாது. படகு ரொம்ப நீளம். குறுக்கே பத்துப் பலகை, பலகைக்கு இரண்டு பேர், ஆக இருபது பேர் துடுப்புப் போட வேண்டும். தாளம் தவறாமல் இருக்க முன்னால் ஒருவர் எங்களைப் பார்த்து உட்கார்ந்து மேளம் அடிப்பார். பின்னால் ஒருவர் திருப்புவார். டிராகன் தலையைப் போட்டி அன்றைக்குத்தான் மாட்டுவார்களாம். எங்கள் ஆட்கள் அதை யாளி என்றுதான் சொன்னார்கள். தலை இருக்கவேண்டிய இடத்தில் நாலு போல்ட்டு ஓட்டை மட்டும் தெரிந்தது. தலையில்லாத ஒன்றின் முதுகில் ஏறி உட்காருகிறோமே என்று முதல் நாளே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பயிற்சியாளர் சென்னைக்காரர், கறார் பேர்வழி. "தண்ணியில பேர் சொல்லிக் கூப்பிட நேரம் இருக்காது. இங்க உங்களுக்கு நம்பர்தான்" என்றார். ஆறாவது பலகையில் இடப்பக்கம் நான், பதினொண்ணு. வலப்பக்கம் அவள், பன்னெண்டு. படகு கவிழ்ந்தால் முன்னாலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். எந்த எண் கேட்கவில்லையோ அந்த ஆளைத் தேடுவார்கள். ஐந்து நாள், பயிற்சியாளர் விசில் ஊதித் தொடங்கிவைக்க, கரையிலேயே கத்திப் பழகினோம்.

ஆறாம் நாள் காலை நிஜமாகவே கவிழ்த்தார்கள். எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும், அவ்வளவுதான். சாய்ந்தோம். தண்ணீர் மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தபோது நான் கவிழ்ந்த படகுக்கு உள்ளே இருந்தேன். தலைக்கு மேல் ஒரு முழ உயரத்துக்குக் காற்று இருந்தது. வெளிச்சம் மேலிருந்து வரவில்லை, கீழே தண்ணீருக்குள்ளிருந்து பச்சையாக வந்தது. என் கைகளே யாருடையவையோ போலத் தெரிந்தன.

முங்கி வெளியே போகப் பார்த்தேன். லைஃப் ஜாக்கெட் விடவில்லை, மேலேயே தள்ளியது. அதன் வார் ஒன்று பலகைக் கட்டையில் மாட்டியிருந்தது. பயந்துபோனேன், ஆனால் ரொம்ப இல்லை. எண்ணப் போகிறார்கள், பதினொண்ணு கேட்காது, தேடி வருவார்கள். அந்த ஒரு நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பயிற்சியாளரின் மோட்டார் படகு பனிக்குள் எங்கேயோ நின்றது. எண்ணிக்கையை ஆரம்பிக்கச் சொல்லி அவர் மேளக்காரரைப் பார்த்துக் கத்தியது கேட்டது. மேளம் அடிப்பவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பத்து அம்மா. அவர் குரல் உரக்கக் கிளம்பியது. "லாபம்."

அடுத்து ரெண்டு, மூணு, நாலு என்று குரல்கள் வந்தன. படகின் ஓடு வழியாக வரும்போது எல்லாமே ஒரே தொண்டையிலிருந்து வருவது போல இருந்தது. ஒம்போது. பத்து. இனி மௌனம் வரும் என்று காத்திருந்தேன்.

"பதினொண்ணு."

என் குரல். கட்டையாக, முடிவில் கொஞ்சம் இழுக்கும் என் குரல். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருக்கிறேனா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். அதற்குள் பன்னெண்டு என்று அவள் சொல்லிவிட்டாள். எண்ணிக்கை தடங்கல் இல்லாமல் இருபது வரை ஓடி முடிந்தது. "எல்லாரும் இருக்கீங்க, நல்லது" என்றார் பயிற்சியாளர். சிரிப்பு கேட்டது.

என் எண்ணைச் சொல்லியாகிவிட்டது. இனி யாரும் என்னைத் தேடப் போவதில்லை. அப்போதுதான் எனக்கு உயிர்ப் பயம் வந்தது. தலைக்கு மேலிருந்த படகைத் தட்டினேன், மொண்ணையாகக் கேட்டது. அழுதேன். பிறகு வாரைப் பிடித்து இழுத்து, அறுத்து, பலகையைக் காலால் உதைத்துக் கீழே போய், அந்தப் பக்கமாக வெளியே வந்தேன். பனியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எதிர்ப்பக்கத்தில் பிடித்துக்கொண்டு படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கத்தலாம் என்றால் தொண்டையில் சத்தம் வரவில்லை. பின்னாலேயே தொற்றிக்கொண்டு கரை சேர்ந்தேன்.

கரையில் இருமியபடி வரிசையில் போய் நின்றேன். பயிற்சியாளர் இன்னொரு முறை எண்ணச் சொன்னார். மேளக்கார அம்மா "லாபம்" என்றார். முதல் ஆள் "ரெண்டு" என்றாள். என் முன்னால் நின்றவள், பத்தாம் எண்காரி, குளிரில் நடுங்கிக்கொண்டே "பதினொண்ணு" என்றாள். வாயைத் திறந்த நான் திறந்தபடியே நின்றேன். என் பக்கத்தில் இருந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு "பன்னெண்டு" என்றாள். இருபது வரை போயிற்று. "சரி, டீ குடிங்க" என்றார் அவர். நான் அவர் கண்ணுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபத்தொண்ணு" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ஏரியிலிருந்து கூடுதலாக ஏதோ ஒன்று கூடவே ஏறி வந்துவிட்டது போல என்னைப் பார்த்தார்கள். நான்கு பேர் பின்னால் நகர்ந்தார்கள். பயிற்சியாளர் முகம் வெளுத்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபதுதான் இருந்தது.

மேளக்கார அம்மாதான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஐயோ, நான் லாபம்னு ஆரம்பிச்சிட்டேங்க" என்றார். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். அடுத்தது ரெண்டு. படகில் இருந்த பாதிப் பேர் அப்படி அளக்கிற வீட்டுப் பெண்கள், நானும்தான். லாபம் என்று காதில் விழுந்ததும் ஒன்று முடிந்துவிட்டது என்று முதல் ஆள் ரெண்டு என்றாள். பத்தாம் ஆள் வரைக்கும் ஒன்று கூடிப் போனது. நான் இல்லாத இடத்தில் எண்ணிக்கை தானாகச் சரியாகிவிட்டது. எனக்குப் பின்னால் உள்ளவர்கள் அவரவர் எண்ணைத்தான் சொன்னார்கள். நாள் தவறாமல் எதையாவது எண்ணுகிற நாங்கள் எங்களை எண்ணத் தெரியாமல் நின்றோம்.

பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டார். மேளக்கார அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விஷயம் விளங்கிவிட்டதே. ஆனால் பத்தாம் எண்காரிக்குச் சின்னப் பிள்ளை போலக் கீச்சுக் குரல். டீ குடிக்கும்போது அவளை இரண்டு முறை பதினொண்ணு சொல்லச் சொல்லிக் கேட்டேன். படகுக்குள் நான் கேட்டது அது இல்லை. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்பார்கள்.

அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். என்னைத் தனியே அனுப்ப மனம் இல்லாமல் என் மேசைக்காரியும் கூட வந்தாள். வழியெல்லாம் அழுதாள். பக்கத்து ஆள் இருக்கிறாளா என்று அவள்தான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. "வுடு, பதினொண்ணுன்னு கேட்டுது, நீ பன்னெண்டு சொன்ன. ஓம்மேல என்ன தப்பு" என்றேன்.

"அதில்லக்கா" என்றாள். "வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் திரும்பிப் பாத்திருப்பேன். ஒங்க கொரல்லதான் கேட்டுது. ஆறு வருசமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதா?"

பஸ் திட்டக்குடியில் நின்று புறப்பட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். என் தொண்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது. மெதுவாகப் பதினொண்ணு என்று சொன்னேன். அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.