சாலா ஆச்சியும் இரட்டைக்குழல் சக்களத்தியும்

காரைக்குடி சாலா ஆச்சிக்கு அறுபத்தாறு வயதில் சக்களத்தி வந்தாள். வந்தவள் இங்கிலீஷ்காரி. வயது நூறைத் தாண்டியிருந்தாலும் இடுப்பு வளையவில்லை, மூட்டு தேயவில்லை, பேசவும் மாட்டாள். இந்தக் கடைசிக் குணத்தைத்தான் ஆச்சியின் கணவர் சத்தியமூர்த்தி வருவோர் போவோரிடமெல்லாம் பாராட்டிச் சொன்னார்.

நியாயமாகப் பார்த்தால் அவள்தான் மூத்தாள். சத்தியமூர்த்தியின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில், ஊருக்குத் திரும்பும் ஒரு துரையிடமிருந்து வாங்கிவந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அது. இரண்டு குழல்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தபடி நூறு வருஷமாகச் சண்டை போட்டதில்லை. அந்த வீட்டுக் கட்டில் எதற்கும் இப்படியொரு சரித்திரம் கிடையாது. துப்பாக்கியால் உயிர்ச்சேதம் எதுவும் நேர்ந்ததில்லை. சத்தியமூர்த்தியின் அப்பா, அந்த வீட்டு வழக்கில் அப்பச்சி, ஒருமுறை கொக்கைக் குறிபார்த்துப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்தார். கொக்கு அதன் பிறகும் பல காலம் அந்தப் பக்கம் வந்துபோனதாகச் சொல்வார்கள்.

உரிமம் ஐயா, அப்பச்சி, சத்தியமூர்த்தி என்று கைமாறி வந்தது. துப்பாக்கி துருவேறி இரும்புப் பெட்டிக்குள் கிடந்தது. ஆச்சி அதைப் பழைய குடை மாதிரி ஒரு சாமானாகத்தான் நினைத்திருந்தாள். ஏமாந்தது அங்கேதான்.

எழுபது பிறந்ததும் சத்தியமூர்த்திக்கு என்ன தோன்றியதோ, அதை மதுரைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கக் கொடுத்தார். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தது. திரும்பி வந்தபோது குழல்களில் கருநீலம் மின்னியது. கட்டை, தேன் நிறத்தில் வரி வரியாக ஒளிவிட்டது. விசைக்கு மேலே இரும்பில் செதுக்கியிருந்த, அதுவரை அழுக்குக்குள் ஒளிந்திருந்த ஒரு கௌதாரி சிறகு விரித்தது.

ஆச்சியும் மதுரையில் மூட்டு அறுவை முடித்து வந்தவள்தான். அவளை அழைத்துவர டிரைவரை அனுப்பினார். பின் சீட்டில் பாதியை அரிசி மூட்டை பிடித்துக்கொண்டது. துப்பாக்கியை அழைத்துவர இவரே போனார். பின் சீட்டு முழுவதும் அதற்கு, மேலே பட்டுத்துண்டு. திருப்பத்தூர் தாண்டி வேகத்தடையில் கார் குலுங்கியதற்கு டிரைவர் வாங்கிய திட்டு ஆச்சியின் காதுக்கும் வந்தது. அவள் வந்த அன்று அதே வேகத்தடை அதே இடத்தில்தான் இருந்தது.

வீட்டில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில். அந்த ஏசியும் ஆச்சிக்காக மாட்டியது. துப்பாக்கியின் இரும்பு அலமாரி அங்கே குடியேறியது. ஈரம் பட்டால் துரு வரும் என்று சத்தியமூர்த்தி ஏசியை அணைக்க விடவில்லை. குளிரில் ஆச்சியின் மூட்டு இறுகியது.

"கொஞ்சம் கொறைங்களேன், காலு மரத்துப்போகுது."

"அது கெட்டுப்போகும் சாலா."

"நான் கெட்டுப்போனாப் பரவாயில்லையா?"

"ஒனக்குத்தான் புது மூட்டு வச்சாச்சே."

அன்று ஆச்சி தலையணையை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போனாள். தன் அறைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் பிறகு அவளுடைய வாழ்க்கை லட்சியம். அதற்கு இங்கிலீஷ்காரி வெளியேறியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்க் காப்பு நடந்தது. ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத்தான் துடைத்தார். "காபி ஆறுது" என்று குரல் கொடுத்தால், "இரு, எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன்" என்று பதில் வரும். பேரனோடு வீடியோவில் பேசும்போதும் கேமராவை அலமாரிப் பக்கம் திருப்பினார்.

எதிர்வீட்டு லட்சுமி ஆறுதல் சொன்னாள். "விடுங்க ஆச்சி. எங்க வீட்ல மோட்டார் சைக்கிளு. உங்க வீட்ல இது. வெளிய சுத்தாம வீட்டுக்குள்ளதானே இருக்காக?"

"அந்த மோட்டார் சைக்கிளு ஒன் கட்டில் பக்கத்துலயா நிக்குது?"

லட்சுமி எழுந்து தன் வீட்டுக்குப் போனாள்.

ஆச்சி குன்றக்குடிக்குப் போனாள். மலையேற முடியாததால் அடிவாரத்தில் நின்றே, அது துருப்பிடித்தால் பாலபிஷேகம் செய்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பும்போதுதான் உறைத்தது. சக்களத்திப் புகாரைப் போயும் போயும் யாரிடம் கொடுத்திருக்கிறோம்! வலமும் இடமும் வைத்துக்கொண்டிருப்பவர் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? ஆட்டோவைப் பிள்ளையார்பட்டிக்குத் திருப்பச் சொன்னாள். பிள்ளையார் கட்டைப் பிரம்மசாரி, எந்தப் பக்கமும் சாயமாட்டார். வேண்டுதல் அங்கே மாற்றி வைக்கப்பட்டது, பாலபிஷேகம் கொழுக்கட்டையானது.

துரு வரவில்லை. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. உடல்தகுதிச் சான்றுக்குப் போன சத்தியமூர்த்தியை டாக்டர் கையை நீட்டச் சொன்னார். கை நடுங்கியது. கண்ணைச் சோதித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வழி ஒன்றுதான் இருந்தது: உரிமத்தைக் குடும்பத்தில் வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும். சென்னையிலிருக்கும் மகன் ஹரீஷுக்குப் போன் போட்டார்.

"அப்பச்சி, எங்க அபார்ட்மெண்ட்ல நாய்க்குட்டி வளக்கவே விடமாட்டேங்குறாங்க" என்றான் ஹரீஷ்.

மறுநாள் காலை சத்தியமூர்த்தி இரண்டாங்கட்டுக்கு வந்து, ஆச்சியின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"சாலா, காலு எப்படி இருக்கு?"

அறுவை முடிந்த நாளிலிருந்து கேட்காத கேள்வி. ஆச்சிக்கு உடனே புரிந்தது.

"என்ன வேணும் ஒங்களுக்கு?"

சொன்னார். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சும்மா இருந்தாலே போதும், சக்களத்தி ஒழிந்தாள். பிள்ளையார் சுற்றி வளைத்தாவது வழி செய்துவிட்டார். ஆனால் நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அந்த இரக்கத்தோடு இரக்கமாக ஒரு கணக்கும் ஓடியது.

"என் பேருக்கு மாத்துனா, அது யாருது?"

"சட்டப்படி... ஒன்னோடதுதான்."

"நீங்க தொடலாமா?"

"ஒன்னைக் கேட்டுட்டு, நீ பக்கத்துல இருந்தாத் தொடலாம்."

"எழுதுங்க மனுவை" என்றாள் ஆச்சி.

துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய்வந்தாள்; தோள் வீங்கியது. பிறகு விசாரணைக்கு எஸ்.ஐ. சத்தியப்பிரியா வீட்டுக்கு வந்தாள். இளம்பெண், சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டேயிருந்தாள்.

"ஆச்சி, ஒங்க உயிருக்கு யாராலயும் ஆபத்து இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்லத்தா. அது வெளிய போச்சுன்னா இவுகளுக்குத்தான். சோறு எறங்காது."

"சுட வருமா ஒங்களுக்கு?"

"அட்டையில பட்டுருச்சு. இந்த வீட்டு ஆம்பளைக யாரும் இதுவரைக்கும் குறிவச்சதுல பட வச்சதில்ல, விசாரிச்சுப் பாரு."

சத்தியமூர்த்தி கூரையைப் பார்த்தார்.

உரிமம் வந்தது. அலமாரிச் சாவி ஆச்சியின் இடுப்புக்கு வந்தது. தலையணை அறைக்குத் திரும்பியது. ஏசி அணைந்தது. துரு வரும் என்று முனகியவரிடம், "என் சாமான், நான் பாத்துக்கிறேன்" என்றாள். வெள்ளிக்கிழமைகளில் சாவிக்கு அவர் கேட்டு நிற்க வேண்டும். முதலில் ஆச்சியின் காலுக்குத் தைலம், அப்புறம்தான் குழலுக்கு எண்ணெய். காலுக்குத் தேய்க்கும்போது அவர் கை அவ்வளவாக நடுங்கவில்லை என்பது தனிச்செய்தி.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஆச்சி பட்டுச்சேலை கட்டிப் போனாள். சத்தியப்பிரியா எழுந்து நாற்காலி போட்டாள், டீ வந்தது, போலீஸ்காரர்கள் கூடி நின்று கௌதாரியைப் பார்த்தார்கள். சத்தியமூர்த்தி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நீங்க யாரு?" என்று காவலர் ஒருவர் கேட்டாராம்.

"துப்பாக்கிக்கார ஆச்சி வீட்டுக்காரரு" என்று சொல்லவேண்டி வந்ததைத் தாங்காமல் அன்று அவர் காபி குடிக்கவில்லை.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பிய வாரம், வெள்ளிக்கிழமை வருமுன்னே அறையிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. சத்தியமூர்த்தி எட்டிப் பார்த்தார். அவருடைய பழைய பட்டுத்துண்டால் ஆச்சி கௌதாரியின் சிறகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிறகில் கடுகளவு துரு தெரிந்ததாம், முகமெல்லாம் கவலை.

"ஆட்டோவுக்குச் சொல்லுங்க. பிள்ளையார்பட்டிக்கு அவசரமாப் போகணும்."

"எதுக்கு?"

"ஒரு வேண்டுதலைத் திருப்பி வாங்கணும்."

"சரி, எனக்குக் காபி?"

"இருங்க" என்றாள் ஆச்சி, தலை நிமிராமல். "எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கேன்ல."