மாதுமையின் காதுகுத்து

சிலிபினில் என் பக்கத்து வீட்டு தினேஸ்வரியைப் பற்றி எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: புருஷன் அடிக்கிறானா? கால் முழுக்கத் தழும்பு. மேசை முனையில் இடித்தால் போதும், அவளுக்குத் தோல் நனைந்த காகிதம்போலக் கிழியும். சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்தவள். லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. தோலைத் தாங்கும் நார் பிறவியிலேயே பலவீனம், பரம்பரையாக வருவது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தாமான் மேதாவிகளுக்கு டாக்டர் எம்மாத்திரம்? செய்வினை என்றார்கள். கணவன் தனேஷ் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். ஆனால் தன் அக்கா கலாதேவி முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

மகள் மாதுமைக்கும் அதே தோல்.

"காது குத்த வேணாங்க்கா. கிழிஞ்சிரும்," என்று பிள்ளை பிறந்ததிலிருந்து தினேஸ்வரி சொல்லிவந்தாள். "சரி லா," என்று தலையாட்டிய கலாதேவி, முதல் பிறந்தநாளன்று கேக்கோடு காது குத்தும் பத்தரையும் கூட்டிவந்துவிட்டாள். தாய்மாமன், தினேஸ்வரியின் தம்பி ரூபன் மடியில் பிள்ளை. அக்காவின் காதைப் பார்த்து வளர்ந்தவன்தான் அவன். மாமன் மரியாதைக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்துவிட்டான், வெட்கங்கெட்டவன்.

"வேணாங்க்கா."

"டாக்டர் என்னா சாமியா? ஒரு சொட்டு ரத்தம் லா! மூளிக் காதோட இருந்தா நாளைக்கி எவன் கட்டுவான்?"

பத்தர் ஊசியை எடுத்தார். தினேஸ்வரி பிள்ளையைப் பிடுங்கவில்லை. இழுத்தால் அந்தப் பிஞ்சுக் கை கிழியும். பத்தருக்கு எதிரே போய் நின்று, ஒருநாளும் தூக்கிக் கட்டாத கூந்தலை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். இரண்டு காது மடலும் கீழே பிளந்து, தையல் போட்ட இடம் தடித்துக் கோணியிருந்தது. கல்யாணத்தன்று முடியோடு கோத்த மாட்டலில் தொங்கிய ஜிமிக்கியைப் பார்த்து ஏமாந்த கூட்டம் வாயைப் பிளந்தது.

"எனக்கும் தாய்மாமன் மடிதான், நல்ல நேரந்தான். என்னைய எவன் கட்டுனான்? உங்க தம்பிதான்!"

பத்தர் ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ரூபன் பிள்ளையை மெதுவாக அக்காவின் கையில் கொடுத்தான். கலாதேவி கேட்டாள், "ஏம்மா, இத முன்னமே சொல்லியிருக்கலாம்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடத்தில் அத்தனை பெண்கள் காதிலும் தங்கம் தொங்கியது. ஒரு வருஷமாக அவள் சொன்னது மட்டும் ஒருத்தி காதிலும் ஏறவில்லை.