கரண்ட் போயும் சுற்றிய விசிறி

தொலைபேசித் துறையில் பழுதுகளை விசாரித்தே ஓய்வு பெற்றவன் நான். அங்கே எனக்குப் புரிந்தது இதுதான்: எந்தப் பொருளிலும் யாரோ கை வைத்திருப்பார், கேட்டால், "நான் தொடவே இல்லீங்க" என்பார்.

திருமயத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. நான் செய்தது. சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு, சூட்டைப் பரப்ப ஒரு சின்ன விசிறி, பல்பை அளவாக ஏற்றி அணைக்க ஒரு எலக்ட்ரானிக் பலகை. பலகைக்குச் சீரான பன்னிரண்டு வோல்ட் கொடுப்பது மூன்று கால் ரெகுலேட்டர். விசிறிக்கு அவ்வளவு சீர் தேவையில்லை. அதற்கு ரெகுலேட்டருக்கு முன்னாலேயே ஒயர் பிரித்திருந்தேன்.

ஒரு சித்திரையில் என் மனைவியின் பெட்டைக்கோழியைத் தெருநாய் தூக்கிப்போனது. அது கடைசியாக இட்ட முட்டைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, "இதுவும் கூழாப் போச்சுன்னா இனிமே இந்த வீட்ல கோழிப் பேச்சே கெடையாது" என்றாள்.

அப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் கரண்ட் போய் வரும். சில நாளில் ஒரு காலை, பல்பு எரியவில்லை. ரெகுலேட்டர் செத்திருந்தது. புதுக்கோட்டையில் ஒன்று வாங்கி மாற்றினேன். அதுவும் போனது. டூப்ளிகேட் என்று முடிவு கட்டி, கடைக்காரரிடம் செத்த இரண்டையும் மேசையில் வைத்தேன்.

"எல்லாருக்கும் இதைத்தான் குடுக்குறேன் சார். உங்களுக்கு மட்டும்தான் போகுது."

இந்தப் பதிலை நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து ஒயரை ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போனேன். பலகைக்குப் பின்னால் இரண்டு ஒயர் கூடுதலாக இருந்தது. அது போய் முடிந்த இடத்தில், தவிட்டுச் சாக்குக்குப் பின்னால், ஒரு பேட்டரி.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினனைக் கூப்பிட்டேன்.

"இது யாருது மாப்ள?"

"நான்தான் மச்சான் மாட்டுனேன். கரண்ட் போனா பலகை அணையக் கூடாதுல்ல? அதுமட்டுமா, விசிறியும் நிக்காமச் சுத்துது, பாக்கலையா நீங்க?"

பார்த்திருந்தேன். மெதுவாகச் சுற்றியது, பழைய வேகம் அடங்குகிறது என்று விட்டுவிட்டேன். ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் விசிறிக்கு, பின்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கரண்ட் எந்த வழியாகப் போகும்? ரெகுலேட்டரின் வயிற்றைக் கிழித்துக்கொண்டுதான். முன்பக்கம் கரண்ட் செத்ததும் பின்பக்கத்துப் பேட்டரி தலைகீழாகத் தள்ளியிருக்கிறது. ரெகுலேட்டர் போன பிறகும் பலகை பேட்டரியைத் தின்று விடியும்வரை எரிந்திருக்கிறது. அதனால்தான் சாயங்காலக் கரண்ட் கட்டின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அங்க எல்லாரும் இப்படித்தான் மாட்டுவோம்" என்றான் மச்சினன்.

"அங்க கரண்ட் போகாது மாப்ள."

விசிறிக்குப் பிரியும் இடத்துக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் ஒரு டயோடு வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. புது ரெகுலேட்டர் போட்டு, பேட்டரி ஏறும்வரை காத்திருந்து, மெயினை அணைத்தேன். விசிறி நின்றது. பலகையில் சூட்டைக் காட்டும் எண் அணையவில்லை.

"நல்லா ஓடுன விசிறிய நிறுத்திட்டீங்களே மச்சான்."

"அது நின்னாத்தான் மத்தது ஓடும்."

மெயினைப் போட்டதும் பல்பு எரிந்தது. அவன் போன பிறகு பேட்டரி ஒயரை இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அதற்குள் என் மனைவி முட்டைகளை ஒவ்வொன்றாகச் சாமான் அறை இருட்டுக்குக் கொண்டுபோய் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தாள். இரண்டை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். மூன்றாவதை வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"அசையுது" என்றாள்.

"இங்கிட்டுக் குடு, பாக்குறேன்."

"வேணாங்க. நான்தான் டார்ச்ச ஆட்டுறேன்னு சொல்லுவீங்க."

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முட்டையைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.