மொட்டைவாலுக்கு இட்ட கண்ணி

கண்ணி என்னும் சொல்லுக்குள் கண் இருக்கிறது. கயிற்றையோ நூலையோ வளைத்து முடிந்தால் நடுவே ஒரு கண் திறக்கும், அதுவே பெயராயிற்று. பழம்பாட்டில் தலைக்குச் சூடும் பூந்தொடையும் கண்ணி. பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி. இறைவனைப் பாட இரண்டிரண்டு அடியாகத் தொடுப்பதும் கண்ணியே. சூட்டவும் சிக்கவைக்கவும் ஒரே சொல்லை வைத்த முன்னோர் எதை எண்ணி வைத்தனரோ!

தையற்கடையில் பொத்தான் தைத்துப் பிழைத்த அக்காளுக்கு இவை எவையும் தெரியா. சட்டை விளிம்பில், பொத்தான் நுழைவதற்கு அவள் முறுக்கிவைக்கும் நூல் வளையமே அவளறிந்த கண்ணி. கணவன் இறந்தபின் அவளுக்குத் துணை, எந்திரத்தின் அடியில் படுத்துறங்கும் வாலறுந்த தெருநாய் ஒன்றுதான். மொட்டைவால் என்பாள். நாய்வண்டிக்காரர் வீசும் சுருக்கு இறுகுமுன் தலையை உருவிக்கொண்டு அது ஓடிவிடும்.

அவ்வண்டியில் வேலை பார்த்தவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி.

"ஏன்க்கா, உன் செல்லப்புள்ள எங்களுக்கே தண்ணி காட்டுறானே!" என்று ஒருநாள் சிரித்தான். "கழுத்துல ஒரு கண்ணி போட்டு விடேன். வளக்குற நாய்னு தெரிஞ்சா யாரும் தொட மாட்டாங்க."

"நெசமாவாடா?"

"உன் தம்பி சொல்றேன், நம்ப மாட்டியா?"

நம்பினாள். சிவப்புத் துணித்துண்டுகளைப் பின்னி, குரல்வளை நோகுமே என்று, இறுகாத, நெகிழவும் செய்யாத முடிச்சாகப் போட்டுக் கட்டினாள்.

மறுநாள் கடைவாசலில் வண்டி நின்றது. தம்பி குந்தி அமர்ந்து, அவளைப் போலவே குழைந்து, "மொட்டவாலு..." என்றான். கடையில் கண்டு பழகிய முகமாதலால் நாய் ஓடாமல் நின்றது. அவன் கையிலிருந்த கோலின் கொக்கி சிவப்புக் கண்ணிக்குள் நுழைந்தது. நாய் தலையை உருவிப் பார்த்தது, முடிச்சு விடவில்லை.

ஊசியும் கையுமாக ஓடிவந்தாள். "அடப்பாவி! நீதானடா கட்டச் சொன்னே!"

"சொன்னது நான். கட்டினது யாரு?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஒரு வாலறுந்த நாயக்கூடப் புடிக்கத் தெரியலேன்னு மேஸ்திரி தினமும் கேலி பண்றான்க்கா. நாய் அடைக்குற கொட்டடிக்கு வந்து கேளு, விட்டுடுவாங்க."

மாலையில் போனாள். "கண்ணி கட்டியிருக்கே, அப்ப உங்களுதுதாம்மா," என்று காவற்காரர் கூண்டைத் திறந்தார். மொட்டைவால் அவள் விரலை முகர்ந்தது. கழுத்துக் கண்ணியில் இருந்த அதே வாசம். உறுமிக்கொண்டு மூலைக்கு ஒதுங்கியது. நூல் வெட்டும் கத்தரியால் கண்ணியை அறுத்துவிட்டாள். அவளைக் கடந்து ஓடிய நாய் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்துத் தம்பி கடைக்கு வந்தான். எந்திரத்தின் அடியில் வெறுந்தரை. "என்னக்கா, மொட்டவாலு வந்து சேந்துச்சா?" என்றான்.

அக்காள் நிமிரவில்லை. ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டாள்:

"வாங்க. உங்களுக்கு என்ன தைக்கணுங்க?"