சாவுச் சங்கும் கல் நத்தையும்

என் வீட்டு மாடத்தில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, சாவு வீடுகளில் என் வீட்டுக்காரர் ஊதிய சங்கு. இன்னொன்று, கட்டைவிரல் அளவில் மாவுக்கட்டு மாவில் வார்த்த நத்தை. மேடம் அச்செடுத்துக் கொடுத்தது. அசல் நத்தை கல்லாக மியூசியத்தில் இருக்கிறது.

மேடம், கல்லாகிப்போன கடல் பிராணிகளை ஆராய எங்கள் ஊரில் வந்து தங்கியவர். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர் எங்களுடையது. முன்பு இங்கே கடல் இருந்ததாம். நான் அவருக்குச் சமைத்துப் போட்டு, பகலில் ஓடையில் மண் சலிக்கவும் போவேன். நத்தைகள் உடைசலாகத்தான் கிடைத்தன. வாய் விளிம்பு முழுதாக இருந்தால்தான், இதுவரை யாரும் எழுதாத புது இனம் என்று காட்ட முடியும் என்பார். அப்படி ஒன்றே ஒன்று அகப்பட்டது. சிக்னல் சரியாக இல்லாததால் கரையில் நின்று பேராசிரியரிடம் போனில் கத்தினார்: “சார், முழுசா கெடச்சிருச்சு! வலம் சுத்து, வாய் வலப்பக்கம்!”

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் காதில் அது ‘வலம்புரி’ என்று விழுந்தது.

சாயங்காலம் மேடம் தங்கிய வீட்டு வாசலில் ஊரே நின்றது. “வலம்புரி எங்கயும் கெடைக்காதும்மா. நம்ம மண்ணுல கெடச்சது நம்ம கோயில்லதான் இருக்கணும்” என்றார் ஊர்ப் பெரியவர்.

“வலம்புரி இல்லீங்க. நீங்க ஊதுற முனையக் கீழ புடிச்சுப் பாக்குறீங்க, நாங்க மேல வெச்சுப் பாக்குறோம். எங்களுக்கு வலம்னா உங்களுக்கு இடம்புரி.”

“அதெப்படிம்மா வலமும் இடமும் ஒண்ணாவும்? யாருகிட்ட கதை வுடுறீங்க?”

மேடம் நத்தையைக் கைக்குள் பொத்திக்கொண்டார். “இது இல்லேன்னா நான் எழுதுறதுக்கு ஆதாரமே இல்லீங்க. ஒரு சாதாரண சங்கு குடுங்க, பக்கத்துல வெச்சுக் காட்டுறேன்.”

கோயில் சங்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பூசாரி பெரம்பலூர் போயிருந்தார். ஊரில் வேறு சங்கு எங்கள் வீட்டில்தான். சாவு விழாமல் அதை வெளியே எடுக்கிற வழக்கமில்லை. நானோ நாலு பேர் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். என்ன தோன்றியதோ, போய் முந்தானையில் மூடி எடுத்து வந்தேன்.

“ஏ சின்னம்மா, யாருக்கு ஊதப் போற?” என்று ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் சிலர் விலகி நின்றார்கள்.

“சாவுச் சங்குதான். ஆனா இதுவும் சங்குதானே? பாத்துட்டுக் குடுங்க, கொண்டு போயிடறேன்” என்றேன். கூட்டத்தில் நான் பேசியது அன்றைக்குத்தான்.

சங்கின் ஊதும் முனையும் நத்தையின் கூர்முனையும் மேலே இருக்கும்படி மேடம் இரண்டையும் பிடித்தார். இரண்டுக்கும் வாய் வலப்பக்கம். “வலம்புரின்னா இப்படிப் புடிக்கிறப்ப வாய் இடப்பக்கம் வரும்” என்றார். பெரியவர் சங்கைத் தொடாமல் குனிந்து குனிந்து பார்த்தார். “அட, நம்ம சங்கு மாதிரிதான்! இதுக்கா இவ்வளவு கூட்டம்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நத்தை பஞ்சுக்குள் படுத்துப் போனது. பிறகு மேடம் அதைப் பற்றி எழுதி, எங்கள் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்.

சங்கை எடுத்துக் காட்டிய அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: “யாரும் சாவாம நம்ம சங்க ஊரே பாத்தது இன்னிக்குத்தான்.”

அவரும் போய்விட்டார். வெளியூர் ஆள் ஒருவர் வந்து அவருக்கு அதே சங்கை ஊதினார். தூசி தட்டும்போது இன்றும் இரண்டையும் முனை மேலே இருக்கும்படிதான் வைக்கிறேன். இரண்டு வாயும் ஒரே பக்கம் இருக்கின்றன.