இழுவை எடுத்த கயிறு

எங்கள் வீட்டில் வேன் எடுப்பது கோயிலுக்கு, இல்லையென்றால் கல்யாணத்துக்கு. பாறை ஏறுவதற்கென்று எடுத்தது அந்தப் பங்குனியில்தான். ஏரியில் வலை போட எங்கள் முறை வராத நாட்களாகப் பார்த்து, செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று வழி போட்டேன். ஊருக்கு ஒரு பாறை. உயரம், நிழல் விழும் பக்கம், வேன் எதுவரை போகும், அம்மா உட்கார இடம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்தேன்.

நான்காவதாகவும் ஒன்று இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில், இரண்டு ஆள் உயரம், கயிறே வேண்டாம். சென்னையில் என்னோடு ஏறும் தோழி அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த உடனே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அடியில் உடைந்த பாட்டில்கள், குழந்தைகளின் டயப்பர், காய்ந்ததும் காயாததுமாக மலம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நான் ஏறுவதை அம்மாவும் நைனாவும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். வாரமெல்லாம் மீஞ்சூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய்ப் பயிற்சிச் சுவரில் ஏறுகிறேன். அம்மா இதை நம்பவே இல்லை. "செவுரு ஏற பஸ் புடிச்சிப் போறாளாம். பல்லி வூட்லயே ஏறுது" என்பாள்.

நைனாதான் வேனுக்குச் சொன்னார். "கீழ கயித்த நான் புடிக்கிறேன் பாப்பா" என்றார். வேப்பமரத்தில் கயிறு போட்டு, நான் தொங்கி அவரைப் பழக்கினேன். அவர் பிடி நழுவவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் வேலையிலிருந்து வந்தபோது, பாறை ஏற வாங்கிய என் புதுக் கயிறு பையில் இல்லை. கொல்லைப் பக்கம் தேடிப் போனேன். முதலில் நாற்றம்தான் வந்தது. கருவாடு காயும் கம்பில், காரப்பொடி மீனுக்கும் வாளைக்கும் நடுவே, என் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஈக்கள் அப்பியிருந்தன. பின்னலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. தரையில் கிடந்த நுனியை நாய் நனைத்துவிட்டுப் போயிருந்தது. தொட்ட விரலைக் கொடியில் காய்ந்த புடவையில் துடைக்கப்போய், அம்மாவிடம் திட்டும் வாங்கினேன்.

"இன்னா நைனா இது?"

"புதுக் கயிறு ரப்பரு மாதிரி இழுத்துக்கினு இருந்திச்சி. ஏரித் தண்ணில ஊறப் போட்டு, படகு இழுக்குற டிராக்டர்ல கட்டி நல்லா இழுவ எடுத்துட்டேன். இப்ப கம்பி மாதிரி கீது பாரு." அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி.

எங்கள் கரையில் புதுக் கயிறு எது வந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இழுபடும் கயிற்றில் கட்டிய படகு நின்ற இடத்தில் நிற்காது. ஆனால் என் கயிறு இழுபடுவதற்காகவே செய்தது.

"அது இழுபட்டுக் குடுக்கணும் நைனா. இல்லன்னா உழுந்தா இடுப்பு ஒடைஞ்சிடும்."

"உழுவியா?" என்றார் நைனா. "ஏறத்தானே போற? இன்னாத்துக்கு உழற?"

விடிந்தால் பயணம், வேறு கயிறு தேட நேரமில்லை. வேனைத் திருப்பி அனுப்ப அம்மா சம்மதிக்கவில்லை. புளிசோறு கட்டியாகிவிட்டது. நைனா அந்தக் கயிற்றாலேயே வேனின் மேல் மூட்டைகளைக் கட்டினார். ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாடை, மூடினால் வறுத்த மீன் வாடை. பொன்னேரி தாண்டுவதற்குள் அதைப் பத்து தடவை திறந்து மூடிவிட்டேன். மூன்று பாறையிலும் நின்றோம். மூன்றிலும் அம்மா "ஏறலியா?" என்றாள். மூன்றிலும் இல்லை என்றேன். செஞ்சியில் நைனா கயிற்றை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டார். "வாணாம்" என்றேன். அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டார்.

திரும்பும் வழியில்தான் கேட்டார். "கயிறு வாணாம்னு ஒண்ணு எழுதினியே, அது இன்னா ஆச்சி?"

"அது குப்பமேடு நைனா."

"மீன் குடல்ல நிக்கிறவன் கிட்ட குப்பையச் சொல்றியா?"

வேனை அங்கே நிறுத்தினோம். படம் எவ்வளவோ தேவலை. படத்துக்கு நாற்றம் இல்லை. நைனா வேனிலிருந்த பிளாஸ்டிக் பலகையால் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினார். கண்ணாடித் துண்டுகளைக் கையால் பொறுக்கினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். பிறகு வேன் சீட்டின் மெத்தையைப் பாறையடியில் விரித்துவிட்டு, என் இடுப்பை ஏந்துகிற மாதிரி இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். கயிறில்லாமல் ஏறினால் கீழே இருப்பவர் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை.

ஏறினேன். பாதியில் பிடிக்கு ஒரே ஒரு பிளவுதான். அதற்குள் எவனோ வெற்றிலையைத் துப்பியிருந்தான். ஈரமாக இருந்தது. கையை எடுத்தால் விழுவேன். எடுக்கவில்லை. விரல்களை இன்னும் உள்ளே திணித்து, மேலே போய் உட்கார்ந்தேன். என் கை சிவந்து, வழவழத்தது. ஆட்டுப் புழுக்கை மேல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கீழே முந்தானையால் மூக்கை மூடி, அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்காடி ஞாயித்துக்கெழம சோறு கூடத் துன்னாம ஓடுற?"

"ஆமா" என்றேன்.

"சரி, எறங்கு. எதயும் தொடாத. கைய கழுவற வரைக்கும் வேன்ல ஏத்த மாட்டேன்."

நைனா கைகளை இன்னும் நீட்டியபடிதான் நின்றார்.